புள்ளி வைக்காத நான்கு நாட்கள்

“ஸ்கோர் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க.”

ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருந்த அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்ன வார்த்தை இது. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த வார்த்தை மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 2.1, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.4, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.8, சோடியம் 136. ஈரல் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கும் மெல்டு-சோடியம் கணக்கில் இந்த நான்கையும் போட்டால் 14 வரும். 40 வரைக்கும் போகிற கணக்கில் 14 என்றால் யாரும் பதற மாட்டார்கள். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். பத்தாவது நாள், கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா என் முகத்தைப் பார்த்து, நான் யாரென்று ஒரு நிமிடம் யோசித்தார். அன்று எடுத்த ரத்தத்தில் அதே கணக்கு 28.

போன வாரம் தோழி ஒருத்தி தன் அப்பாவின் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஈரல் சுருக்கம், வயிற்றில் நீர். “ஆப்ல போட்டுப் பாத்தேன், 13தான் வருது. பயப்பட வேண்டாம்ல?” என்று கேட்டிருந்தாள். பதிலை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். இரண்டு வரியில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. வயிற்றில் நீர் கோத்த ஒருவரோடு இரண்டு வருடம் நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்தவள், அவ்வளவுதான்.

கணக்கு எதைக் கேட்கிறது

மெல்டு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். ஈரலுக்குள்ளேயே ஒரு குழாய் வைத்து, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதைச் செய்துகொண்டவர்களில் யார் சீக்கிரம் இறந்துபோவார்கள் என்று கணிக்க, மேயோ கிளினிக்கில் உருவாக்கி 2000-ல் வெளியிட்ட கணக்கு அது. 2002-ல் அமெரிக்காவில் ஈரல் மாற்று சிகிச்சைக்கான வரிசையில் யாரை முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்ய அதை எடுத்துக்கொண்டார்கள். சோடியம் குறைந்தவர்கள் வரிசையில் நிற்கும்போதே அதிகமாக இறக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, 2016-ல் சோடியத்தையும் சேர்த்தார்கள். ஆக, அந்தக் கணக்கு கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: மாற்று ஈரல் கிடைக்காவிட்டால் அடுத்த மூன்று மாதத்தில் இவர் இறந்துபோக எவ்வளவு வாய்ப்பு? மாற்று சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களை வைத்துப் பார்த்தபோது, ஸ்கோர் 10 முதல் 19 வரை இருந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். 20 முதல் 29 வரை என்றால் கிட்டத்தட்ட 20 பேர்.

எங்கள் வீட்டுக் கேள்வி வேறு. வயிறு மறுபடி எப்போது வீங்கும்? அந்த நீரில் கிருமி சேருமா? சிறுநீரகம் படுத்துவிடுமா? ராத்திரி எழுந்து இவர் ஏதாவது சம்பந்தமில்லாமல் பேசினால் காலை வரை பொறுக்கலாமா, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? மெல்டு கணக்கில் வயிற்று நீருக்கு இடமே கிடையாது. சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாத மரணத்தைக் கணிப்பதில் அதனால் பெரிய முன்னேற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான முடிவுதான். 1964-ல் சைல்டும் டர்காட்டும் போட்டு, 1973-ல் பியூ திருத்திய பழைய மதிப்பெண்ணில் வயிற்று நீர் இருக்கிறது. அங்கே அது ‘இல்லை’, ‘லேசாக’, ‘அதிகமாக’ என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறவர் சொல்லும் சொல். ஆளுக்கு ஆள் மாறும் என்று அதைக் குறை சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பழைய மதிப்பெண்ணின் மேல் ஒரு மரியாதை உண்டு. நோயாளியின் பக்கத்தில் வந்து நிற்காமல் அதைப் போட முடியாது.

நீர் கோப்பதற்கு முன்பே, ‘இவருக்கு வருமா’ என்பதை ஓரளவு நன்றாகவே கணிக்க முடிகிறது. இதை நான் தெரிந்துகொண்டபோது எங்களுக்குக் காலம் கடந்திருந்தது. கழுத்து நாளம் வழியாகக் குழாய் விட்டு ஈரலின் அழுத்தத்தை அளக்கிறார்கள். அது 10 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நான்கு வருடம்வரை எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தார்கள் என்று 2007-ல் வந்த ஆய்வு சொல்கிறது. எல்லோருக்கும் குழாய் விட்டுப் பார்க்க முடியாது என்பதால் இப்போது ஃபைப்ரோஸ்கேன் என்ற ஒலியலைச் சோதனையில் ஈரலின் இறுக்கத்தையும் ரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் வைத்து ஊகிக்கிறார்கள். இறுக்கம் 25 கிலோபாஸ்கலைத் தொட்டுவிட்டால் பலருக்கு அழுத்தம் ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இதை அறிவதில் பயன் இருக்கிறது. ஸ்பெயினில் 201 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், அழுத்தம் ஏறியும் இன்னும் சிக்கல் வராதவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு வயிற்றில் நீர் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 9 பேருக்கு. முன்கூட்டியே தெரிந்து, தெரிந்ததை வைத்து ஏதாவது செய்யவும் முடிந்தால் அதைவிட என்ன வேண்டும்? அப்பாவுக்குச் சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் பல வருடமாக இருந்தன. ஈரல் இறுகியிருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. வயிறு வீங்கிய பிறகுதான் எங்களுக்கு ஈரல் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி, “குடிப்பாரா?” என்று கேட்டார்கள். ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்த நான்கு நாட்கள்

அப்பா முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். தினமும் எடை பார்த்து எழுதச் சொன்னதும் அவருக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நீள நோட்டு ஒன்றில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டார். தேதி, எடை, சிறுநீர், குறிப்பு. காலையில் கழிவறைக்குப் போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடைக் கருவியில் ஏறுவார். எண்ணைப் பார்த்து எழுதுவார். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, குழி விழவில்லை என்றால் குறிப்பில் எழுதுவார்: ‘கால் வீக்கம் இல்லை’. அச்சடித்த மாதிரி கையெழுத்து. புள்ளி வைக்க வேண்டிய எழுத்தின் உச்சியில் பேனாவை நிறுத்தி அழுத்தித்தான் எடுப்பார்.

ஸ்கோர் 14 என்று சொன்ன அன்று நீர் மாத்திரைகளை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். ஸ்பைரோனோலாக்டோன் 100-லிருந்து 200, ஃபியூரோசமைடு 40-லிருந்து 80. மலச்சிக்கல் இருந்ததால் லாக்டுலோஸ் மருந்தையும் கூட்டினார்கள். முதல் ஐந்து நாள் எடை அசையவில்லை. ஆறாவது நாளிலிருந்து இறங்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் 68.2, மறுநாள் 67.1, பிறகு 65.9, 64.8, 63.6. வீட்டில் எங்களுக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் அடிவயிறு பிசைகிறது. அப்பாவின் சட்டையில் இரண்டு மாதமாகப் போட முடியாமல் இருந்த கீழ்ப் பொத்தானை அம்மா போட்டுவிட்டு, “பாத்தியா, மாட்டுது” என்றாள். நான் அலைபேசியில் எடைகளைக் கோடாக வரைந்து தம்பிக்கு அனுப்பினேன். கோடு கீழே இறங்குவதைப் பார்த்து அவன் கை கூப்பும் படம் அனுப்பினான். வயிறு கலங்கி ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போகிறது என்று அப்பா சொன்னார். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

எடை இறங்கத் தொடங்கிய ஐந்தாவது நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார். பேச்சில் குழறல் இல்லை, தாமதம் இருந்தது. என்னைப் பார்த்து யோசித்தது அப்போதுதான். கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னபோது, பறவை சிறகடிப்பது போல உள்ளங்கை விழுந்து விழுந்து எழுந்தது. மருத்துவமனையில் சோடியம் 124, கிரியாட்டினின் 1.9.

அங்கே அன்று பார்த்த பெரிய டாக்டரம்மா நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். எடைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். “இத யார் எழுதுனது?” என்றார். அப்பாதான் என்றேன். “நாலு நாளும் அவரேவா?” ஆமாம் என்றேன். நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

68.2-க்கு எதிரே ‘கால் வீக்கம் இல்லை’. 67.1-க்கு எதிரே ‘கால் வீக்கம இல்லை’. அடுத்த நாள் ‘கால வீக்கம இல்லை’. அதற்கடுத்த நாள் ‘கால வீக்கம இலலை’. கடைசி நாள் வரி கட்டத்தை விட்டு வெளியேறிக் கீழே சரிந்திருந்தது: ‘கால வீககம இலலை’. ஒரு புள்ளிகூட இல்லை. எண்கள் மட்டும் அத்தனையும் சரி. நான் நான்கு நாளும் அதே பக்கத்தை அலைபேசியில் படம் எடுத்திருக்கிறேன். எடையைப் பார்க்க எடுத்த படம். பக்கத்துக் கட்டத்தில் அப்பா கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

இறங்கும் எடை

வயிற்றில் எவ்வளவு நீர் இருந்தாலும் அதை உடம்பு திரும்ப ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர். காலில் வீக்கம் இருந்தால் அங்கிருந்தும் கொஞ்சம் வரும், ஒரு கிலோவரை இறங்கலாம். கால் வீக்கம் இல்லாதவருக்கு அரைக் கிலோதான் கணக்கு. அதற்கு மேல் இறங்குகிற ஒவ்வொரு கிலோவும் வயிற்றிலிருந்து போகவில்லை, ரத்த ஓட்டத்திலிருந்து போகிறது. அப்பா தினமும் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தார். ‘கால் வீக்கம் இல்லை’ என்று அவரே எழுதிய வரிதான், இவ்வளவு வேகம் கூடாது என்பதற்கான சாட்சி. இறுகிய ஈரல் உள்ளவரின் சிறுநீரகம் ஏற்கெனவே பயந்து போயிருக்கிறது. வயிற்றுப் பகுதியின் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கேயே தேங்குவதால், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டது என்று நினைத்து உப்பையும் நீரையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நிலையில் வயிற்றுப்போக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்து உண்மையிலேயே ரத்தத்தைக் குறைத்தால் அது தாங்காது.

கிரியாட்டினின் 0.8 என்பதிலும் நாங்கள் ஏமாந்திருந்தோம். அது தசையிலிருந்து வருகிற பொருள். அப்பாவின் தோளும் தொடையும் கரைந்து வெகுநாளாகிவிட்டது. வயிற்று நீரின் எடை அதை மறைத்துக்கொண்டிருந்தது. தசை இல்லாதவருக்கு 0.8 என்பது நாம் நினைக்கிற அளவுக்கு நல்ல எண் இல்லை. அதனால்தான் இவர்களுக்கு 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலே சிறுநீரகம் அடிபட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். எண் எங்கே நிற்கிறது என்பது பெரிதில்லை, நேற்றிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். மருந்தைக் கூட்டினால் ஒரு வாரத்துக்குள் சோடியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்று நானும் கேட்கவில்லை. எடை ஏறினால் கூப்பிடுங்கள் என்றார்கள். இறங்கினால் கூப்பிடுங்கள் என்று சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை.

நீர் மாத்திரைகளை நிறுத்தி, ரத்தப் புரதமான அல்புமினை இரண்டு நாள் ஏற்றினார்கள். ஐந்து நாளில் கிரியாட்டினின் 1.1-க்கு இறங்கியது. அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார்.

சேர்த்த அன்றே வயிற்றில் மெல்லிய ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கிருமி இல்லை. ஆனால் டாக்டரம்மா அந்தத் தாளில் ஒரு எண்ணை வட்டம் போட்டார். நீரிலுள்ள புரதம், 100 மில்லிக்கு 0.9 கிராம். “இது ஒன்றரைக்குக் கீழ இருந்தா, கிருமிய எதிர்க்கிற சக்தி அந்தத் தண்ணியில கம்மி. என்னைக்காவது ஒரு நாள் அங்க கிருமி சேரலாம். வந்தா காய்ச்சலோட வரும்னு காத்துட்டு இருக்காதீங்க” என்றார். பிறகு நோட்டை அப்பாவிடமே கொடுத்து, “ஐயா, எடையோட சேத்து தினமும் ஒரே ஒரு வரி எழுதுங்க. எந்த வரி வேணா இருக்கட்டும். தினமும் அதே வரியா இருக்கணும்” என்றார். ஈரல் கெட்டு மூளை மங்கும் மயக்கம் தொடங்கும்போதே கையெழுத்து கெடும் என்பது ஈரல் மருத்துவர்களுக்கு வெகுகாலமாகவே தெரிந்த விஷயமாம். ஸ்கேனும் கணினியும் இல்லாத காலத்தில் நோயாளியைத் தினமும் எழுதச் சொல்லித் தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1 முதல் 25 வரையிலான எண்களை வரிசையாகக் கோடு போட்டு இணைக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு.

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அன்றே எழுதிக் காட்டினார்: ‘மேற்படி தொகை சரிபார்க்கப்பட்டது.’ முப்பத்து நான்கு வருடம் எழுதிய வரி. வீட்டில் அம்மா அதை எழுத்து எழுத்தாகப் பார்த்து, “அஞ்சு புள்ளி” என்றாள்.

மேற்படி தொகை

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் வண்டி ஓடியது. நீர் மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். உப்பைக் குறைத்தோம். மாதத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆறேழு லிட்டர் எடுப்பார்கள். எடுக்கிற லிட்டருக்கு 8 கிராம் என்று அல்புமின் ஏற்றுவார்கள். ஒரு பல்வலிக்குக்கூட வலி மாத்திரையை அவராகப் போடவிடவில்லை, ஐபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் இவர்களின் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடலாம். மாற்று சிகிச்சைக்கு அவருடைய இதயம் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

தினமும் காலையில் நோட்டை அம்மா பார்ப்பாள். எடை அவளுக்குப் பெரிதில்லை. சுண்டுவிரலால் புள்ளிகளை எண்ணுவாள். ஒரு நாள் காலை அப்பா எழுதிவிட்டு வழக்கம்போல நோட்டை நீட்டினார். ‘மேறபடி தொகை சரிபார்க்கபட்டது.’ ற-வுக்குப் புள்ளி இல்லை. ஒரு ‘ப்’ காணோம். மற்றவர் எழுதியிருந்தால் அது ஒன்றுமே இல்லை, நான்கூட அவசரத்தில் அப்படித்தான் எழுதுவேன். அப்பா எழுத மாட்டார். அம்மா சத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

காய்ச்சல் இல்லை. வயிற்று வலி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். எடை முந்தின நாளைவிட 200 கிராம்தான் கூடுதல். பேச்சு தெளிவாக இருந்தது. “ஏம்மா, ஒரு புள்ளிக்கா ஆஸ்பத்திரி?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தேன்.

அன்று எங்கள் டாக்டரம்மா ஊரில் இல்லை. அவசரப் பிரிவு வேறொரு இடம். பணியிலிருந்தவர் இளைஞர். நல்லபடியாகத்தான் பேசினார். ரத்த அழுத்தம் சரி, காய்ச்சல் இல்லை, பழைய ஸ்கோர் 16, ஐ.என்.ஆர். வேறு கூடியிருக்கிறது, வயிற்றில் ஊசி போட்டால் ரத்தம் கசியலாம், இரவு பார்த்துவிட்டுக் காலையில் பெரிய டாக்டர் வந்ததும் முடிவு செய்யலாம் என்றார். பதினான்கு மாதத்தில் நான் படித்தவை எல்லாம் அந்த நிமிடத்துக்குத்தான் என்று தோன்றியது. வயிற்று நீரில் கிருமி சேர்வதை 1964-ல் கான் என்பவர் தனி நோயாக விவரித்து எழுதிய காலத்தில் அது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று பிழைக்கிறவர்கள் பிழைப்பது, சீக்கிரம் கண்டுபிடிப்பதால். கிருமி சேர்ந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்து 12 மணி நேரத்துக்குள் நீரை எடுத்துச் சோதித்தவர்களில் நூற்றுக்கு 13 பேர் இறந்தார்கள், அதற்கு மேல் தாமதித்தவர்களில் 27 பேர் என்று 2014-ல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. ஊசியால் பெரிய ரத்தக்கசிவு வருவது நூறில் ஒன்றுக்கும் குறைவு. வயிற்று நீரோடு மருத்துவமனைக்கு வருகிறவர் எந்தக் காரணத்துக்காக வந்திருந்தாலும் முதல் நாளே அந்த நீரைச் சோதிக்க வேண்டும் என்றுதான் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அப்படியிருந்தும் பல இடங்களில் அது மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது. ஸ்கோர் நன்றாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஆள் பேசுகிறார் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து தள்ளிவிடுகின்றன. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஊசியும் ஒரு சிறு குப்பியும்தான் வேண்டும்.

நான் அவரிடம் எண் எதுவும் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து இரண்டு பக்கத்தையும் மேஜையில் வைத்தேன். பழைய நோட்டின் அந்த நான்கு நாட்கள், பக்கத்தில் இன்றைய வரி. “சார், இவர் நானூறு நாளா தினமும் இந்த ஒரே வரிய எழுதுறார். இன்னைக்கு மட்டும்தான் தப்பு. போன தடவ ப்ரோட்டீன் 0.9. தயவுசெஞ்சு இப்பவே தண்ணி எடுத்துப் பாருங்க” என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறையைக் கேட்டார்.

எடுத்த நீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. ஒரு கன மில்லிமீட்டரில், கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் அணுக்கள் 610. 250-ஐத் தாண்டினாலே கிருமிதான் என்று சிகிச்சை தொடங்க வேண்டும். உடனே ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். அன்றே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம் அல்புமின், மூன்றாம் நாள் கிலோவுக்கு ஒரு கிராம். இந்த அளவு 1999-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. அல்புமினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 10 பேருக்கு. அப்பாவின் கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.3 வரை போய் நின்று, இறங்கிவிட்டது. அந்த இளம் மருத்துவர் மூன்றாம் நாள் தன் பணிநேரம் முடிந்த பிறகு வார்டுக்கு வந்தார். அப்பாவிடம், “இன்னைக்கு எழுதிட்டீங்களா ஐயா?” என்று கேட்டார். கையில் ஊசி குத்தியிருந்ததால் எழுதவில்லை என்றார் அப்பா.

கிருமி ஒரு தடவை வந்தவருக்குத் தடுப்பு மருந்து இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவது பத்தில் ஏழு பேருக்கு என்றும், தினமும் ஒரு மாத்திரையால் அது பத்தில் இரண்டாகக் குறையும் என்றும் சொல்லி, நார்ஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் அப்பா எங்களோடு எட்டு மாதம் இருந்தார்.

தோழிக்கு நேற்று ராத்திரி பதில் போட்டேன். 13 என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அப்பாவின் காலில் வீக்கம் இருக்கிறதா, கடைசியாக எடுத்த நீரில் புரதம் எவ்வளவு, மருந்தை மாற்றி எத்தனை நாள் ஆகிறது, மாற்றிய பிறகு சோடியம் பார்த்தார்களா என்று கேட்டேன். அப்புறம், உங்கள் அப்பா அடிக்கடி எழுதின வரி எது என்று கேட்டேன். அவள் அப்பா எழுதுகிறவர் இல்லையாம், தையல்காரர். ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டாள். தினமும் அதே நூல், அதே ஊசி, அதே வெளிச்சம், எத்தனை தடவையில் கோக்கிறார் என்று எண்ணி வை, மாறினால் அன்றைக்கே டாக்டரிடம் போ என்று எழுதினேன்.

கிருமி வந்த அந்தத் தடவை, மருத்துவமனையிலிருந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். படியேறியதும் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் பிளாஸ்திரி ஒட்டிய இடம் நீலம் பாய்ந்திருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று அம்மா கேட்டாள். நோட்டைக் கேட்டார். விட்டுப்போன எட்டு நாட்களுக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சாய்கோடு இழுத்தார். ஒன்பதாவது கட்டத்தில் மெதுவாக எழுதினார். எழுதி முடிக்கும்வரை அம்மா அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.